தகைவிலான்களும் இலைக்குப் போன லென்ஸும்

மலாக்கா பஸ் நிலையத்தில் என் தோள்பையை வாங்கிக்கொண்ட அத்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

"என்னா மச்சான் இது, அம்மிக்கல்லா? உங்கக்காவுக்கு இங்க ஏற்கனவே ஒண்ணு இருக்கு லா!"

அம்மிக்கல் இல்லை, லென்ஸ் என்றேன். அம்மா கொடுத்தனுப்பிய வடாம், பருப்புப்பொடி, அக்காவுக்கு முதல் பிரசவம் என்பதால் பெரியம்மா கட்டிக்கொடுத்த லேகியம் எல்லாம் தகரப் பெட்டியில் இருந்தன. தோள்பையில் காமிராவும் இரண்டு லென்ஸும் மட்டும்தான். ஒன்று காமிராவோடு பிறந்த குட்டை லென்ஸ். வைட் லென்ஸ் என்பார்கள், ஒரு தெருவையே அள்ளிக் காட்டும். கல்யாண வீட்டில் சம்பந்தி வகையறா முழுவதையும் ஒரே படத்தில் அடைக்கலாம். மற்றது ஒரு சாணுக்கு மேல் நீளமுள்ள டெலி லென்ஸ். கோபுரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும் புறாவின் கண்ணைக் கிட்டே கொண்டுவந்து நிறுத்தும். கனமென்றால் அப்படி ஒரு கனம்.

டெலி லென்ஸ் என்னுடையதல்ல. மவுண்ட் ரோட்டில் ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியருடையது. வேலை கேட்டு அவரை நான் நச்சரித்த நச்சரிப்பில், மலாயாவுக்கு அக்காவை அழைத்துவரப் போகிறேன் என்று தெரிந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தார். "மலாயா மலர் ஒண்ணு போடறோம். புதுசா சுதந்திரம் வாங்கின தேசம். கொடியேத்தற படம் எல்லாப் பத்திரிகையும் போட்டாச்சு. எனக்கு அட்டைக்கு வேற வேணும்" என்றார். நான் உடனே, அத்தான் கடிதத்தில் எழுதியிருந்த தகைவிலான் குருவிகளைப் பற்றிச் சொன்னேன். வடக்கே பனி கொட்டும் தேசங்களிலிருந்து பறந்துவந்து, சாயங்காலமானால் மலாக்கா கடைத்தெருக் கம்பிகளில் ஆயிரக்கணக்கில் உட்காருமாம். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கூட்டத்தைக் கொண்டு வா. வேலை உனக்கு."

கொண்டுவராவிட்டால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. அப்பா ஒரு பாங்கியில் பேசி வைத்திருந்தார். தை பிறந்து நான் ஊர் திரும்பியதும் நாற்காலி தயார். அந்த நாற்காலியை நான் போய்ப் பார்த்தும் வந்தேன். ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.

அத்தான் ரப்பர் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. எஸ்டேட்டில் பிறந்து, டவுனில் படித்து, இப்போது கஜா பெராங்கில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார். கஜா பெராங் என்றால் மலாய் மொழியில் கோபம் கொண்ட யானை. "யானை எங்கே?" என்று கேட்டேன். "முன்கட்டுல இருக்கு, சத்தம் போடாத" என்றார்.

முன்கட்டில் இருந்தவர் வீட்டுக்காரம்மாள் தேவகி. ஊரே அவரை 'மக் தேவகி' என்றுதான் கூப்பிடுகிறது. மக் என்றால் அம்மா. நாற்பது வயதிருக்கும். கட்டை குட்டையான உடம்பு, இடுப்பில் கைலி மாதிரி ஒரு சாரோங், மேலே பூவேலை செய்த கெபாயா சட்டை, நெற்றியில் விபூதி. நான் கும்பிட்டு, "சௌக்கியமா அம்மா?" என்றேன். அவர் வாய் நிறையச் சிரித்து, மலாயில் மளமளவென்று ஏதோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"முழிக்காதடா சேகர். இவங்க செட்டி வம்சம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடி நம்ம பக்கத்துலேருந்து வியாபாரத்துக்கு வந்தவங்க. பேச்செல்லாம் மலாய்தான். சாமிக்கு மட்டும் நம்ம சாமி."

"என்ன சொன்னாங்க?"

அத்தான் மொழிபெயர்த்தார்: "ஊர்லேருந்து வந்த பையன் இவ்ளோ ஒல்லியா இருக்கானே, அங்க சோறு போடறதில்லையான்னு கேக்கறாங்க."

அதற்கு மேல் மக் தேவகி கேள்வி கேட்கவில்லை, தட்டைக் கொண்டுவந்து வைத்தார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே நெத்திலியும் மிளகாய் அரைத்த சம்பலும். முதல் கவளத்தில் தித்திப்பு, இரண்டாவது கவளத்தில் காரம், மூன்றாவதில் கண்ணில் தண்ணீர். நான் அழுவதைப் பார்த்து அவருக்குப் பரம திருப்தி.

மறுநாள் மாலை பெண்டஹாரா சாலைக்குப் போனேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, மசாலாக் கடை என்று வரிசையாகப் பார்த்தால் நம் மயிலாப்பூர்த் தேரடியை யாரோ மழையில் நன்றாகக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மார்கழியில் மழை கொட்டும் ஊர் இது. மஞ்சள் மூட்டை வாசனை கூட ஈரமாக வருகிறது. வெளிச்சம் சாயத் தொடங்கியதும் வானத்தில் மிளகைத் தூவியது போல் சில புள்ளிகள். பிறகு பிடி பிடியாக. பிறகு மூட்டையோடு கவிழ்த்தாற்போல். கிழக்கே ஒரு சுழி, கோயில் பக்கம் ஒரு சுழி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்து, திடீரென்று கம்பிகளுக்கு இறங்கின. பக்கத்துக் குருவியோடு சண்டை, இடம் போதாமல் ஒரு நகர்வு, மறுபடி சண்டை. கடைசியில் எல்லாம் ஒரே அளவு இடைவெளி விட்டு உட்கார்ந்தன. கடைக்காரர்கள் சாவகாசமாகக் குடையை விரித்துக்கொண்டார்கள். எனக்குக் காரணம் ஒரு நிமிஷம் கழித்துத் தெரிந்தது, தலையில் விழுந்தது.

நான் யோசிக்கவே இல்லை. பறவை என்றால் டெலி லென்ஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுப்பதுதானே கெட்டிக்காரத்தனம்! அன்று ஒரு சுருள் முழுவதையும் அதிலேயே எடுத்தேன்.

அடுத்த நாள் உயரம் வேண்டும் என்று தோன்றி, ஒரு மூன்று சக்கர ரிக்‌ஷாவைப் பேசினேன். நம் ஊரில் ரிக்‌ஷாக்காரருக்குப் பின்னால் உட்காருவோம். இங்கே அவருக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிளுக்கு ஒட்டவைத்த தொட்டி மாதிரி ஒன்றில் உட்கார வேண்டும். அதன் ஆசனத்தில் ஏறி நின்றுகொண்டு லென்ஸை உயர்த்தினேன். எதிரே ஒரு லாரி வந்தது. பின்னால் நின்ற போலீஸ்காரர் விசில் ஊதினார். ரிக்‌ஷாக்காரர் மிதித்துவிட்டார். நான் லென்ஸைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து, அடுத்த கடை வாசல் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தேன். "துவானுக்கு வானத்துலதான் வீடா?" என்று ரிக்‌ஷாக்காரர் மலாயில் கேட்டாராம், துவான் என்றால் ஐயா. ஜவுளிக்கடை வாசலில் நின்ற பெண்கள் இரண்டு பேர் அதைத் தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

படச் சுருள்களை ஒரு சீனர் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்து வாங்கினோம். வீட்டுக்கு வந்து பாயில் பரப்பினேன். அத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னா?"

"தகைவிலான்."

"அது தெரியுது லா. கூட்டம் எங்க? நாலஞ்சு குருவி கமிட்டி மீட்டிங் போட்ட மாதிரில இருக்கு!"

உண்மை. ஒரு படத்தில் ஐந்து குருவி, ஒரு கம்பி. அழகான குருவிகள்தான். செம்மண் பூசிய தொண்டையும் கத்தரிக்கோல் வாலும் துல்லியம். ஆனால் இதே ஐந்து குருவியை எங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே எடுத்திருக்கலாம். கடல் தாண்ட வேண்டாம். தெருக்கோடியிலிருந்து எடுத்த படங்களில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் குருவிகள் அடர்த்தியாகத் தெரிந்தன. ஆனால் அந்த மங்கல் வெளிச்சத்துக்கு அவ்வளவு நீள லென்ஸும் என் கையும் ஈடுகொடுக்கவில்லை. முன்வரிசைக் குருவி தெளிந்தால் பின்வரிசை கஞ்சியாகிவிட்டது. பறந்த குருவிகளோ வெறும் கோடுகள்.

"ஆசிரியர் கேட்டது கூட்டம்" என்றாள் அக்கா. "நீ எடுத்திருக்கறது குருவி. அந்த இன்னொரு லென்ஸைப் போட்டுப் பாரேன்."

"அது கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ லென்ஸ்க்கா. அதுல குருவி கடுகாத் தெரியும்."

"உனக்கு எல்லாம் தெரியும்" என்று அக்கா லேகியத்தைத் திறந்தாள். அவள் இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

சரி, காமிராவை நிறுத்த முக்காலி ஒன்று இரவல் வாங்கி மறுபடி டெலியிலேயே பார்ப்பது என்று கிளம்பினேன். அன்றைக்குத்தான் பெண்டஹாரா சாலையில் புதுக்கடை ஒன்றின் திறப்பு விழா. மார்கழியில் யாராவது கடை திறப்பார்களா என்று நாம் கேட்போம். கடை சீனருடையது, அவருக்கு மார்கழி ஏது? மாடியிலிருந்து நடைபாதை வரை சிவப்பு வெடிச் சரம் தொங்கியது. நான் முக்காலியை விரித்து, ஃபோகஸ் பார்த்தேன். குருவிகள் சரியாக இறங்கும் நேரத்துக்கு அவர்களும் சரியாகப் பற்றவைத்தார்கள். தெரு முழுக்கப் புகை. புகை கலைந்தபோது கம்பிகள் மட்டும் இருந்தன. ஒரு குருவிகூட இல்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கடைக்காரர்களுக்குச் சந்தோஷம், குடையை மடித்து வைத்துவிட்டார்கள். பொங்கல் கழிந்ததும் கப்பல். எனக்கு அந்த ஜன்னலில்லாச் சுவர் கண்ணெதிரே வந்து நின்றது. அத்தான் என்னைச் செண்டோல் சாப்பிட அழைத்துப்போனார். பனிக்கட்டிச் சீவல், தேங்காய்ப்பால், பச்சைப் புழு மாதிரி மாவுத்துண்டுகள், மேலே கருகருவென்று மலாக்காத் தென்னஞ்சர்க்கரைப் பாகு. துக்கத்தோடு சாப்பிடக்கூடிய பொருள் அல்ல அது. இரண்டாவது கிண்ணத்தில் நான் தேறிவிட்டேன்.

"பாங்கி வேலையும் நல்ல வேலைதான் மச்சான்" என்றார்.

"நீங்க பார்ப்பீங்களா அத்தான்?"

"நானா? சேச்சே" என்றார் அத்தான்.

போகி வந்தது. நம் வீட்டில் போகி என்றால் விடியற்காலையில் பழைய பாயைக் கொளுத்திக் கண் எரிய நிற்போம். செட்டி வீடுகளில் அது முன்னோர் சாப்பிட வரும் நாள். விடிந்ததிலிருந்து முன்கட்டில் மக் தேவகி அரைத்தார், வறுத்தார், வேகவைத்தார். மீன் புளிக்குழம்பு, கோழி, தேங்காய்ப்பால் சோறு, கலர் கலராகப் பலகாரம். அந்த மலாய்ப் பேச்சின் நடுவே சாம்பிராணி, பொங்கல், தாத்தா என்று நம் சொற்கள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெருவில் சொந்தக்காரனைப் பார்த்தது போல் இருந்தது. இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததெல்லாம் இலைக்கு வரவேண்டுமாம். கொழுந்தனுக்குச் சுருட்டு, மாமியாருக்கு வெற்றிலை.

மத்தியானம் மக் தேவகி பின்கட்டுக்கு வந்தார். முக்காலிமேல் இருந்த டெலி லென்ஸைக் காட்டி அத்தானிடம் நிறையப் பேசினார்.

"அவங்க மாமனார் குன்று மேல கொடிமரத்துல வேலை பாத்தவராம்" என்று அத்தான் சொன்னார். "தூரத்துல கப்பல் வரதைப் பாத்துக் கொடி ஏத்தணும். பித்தளையில ஒரு தூரக்கண்ணாடி வச்சிருந்தாரு. தூங்கும்போதும் பக்கத்துலதான் இருக்குமாம். ஜப்பான்காரன் வந்து பறிச்சிட்டுப் போய்ட்டான். அதுலேருந்து ஒவ்வொரு வருசமும் இலை போடறப்ப இவங்களுக்கு மனசு கேக்கலையாம். இன்னிக்கு ஒரு நாள் இதைக் கொஞ்சம் அவர் இலையில வைக்கலாமான்னு கேக்கறாங்க."

எனக்கு உடனே ஒப்புதல். குருவியே இல்லாத ஊரில் டெலி லென்ஸ் என்ன செய்யப் போகிறது? பெரியவராவது பார்க்கட்டும். "சம்பல் மட்டும் படாம பாத்துக்கச் சொல்லுங்க அத்தான், இரவல் சாமான்" என்றேன். மக் தேவகி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கைகளிலும் லென்ஸை ஏந்திப் போனார்.

சாயங்காலம் வீட்டாரும் அக்கம்பக்கத்து உறவினர்களும் கூடியதும் ஒரு குரூப் போட்டோ கேட்டார்கள். குட்டை லென்ஸை மாட்டி வாசலில் நிற்கவைத்து எடுத்தேன். பிறகு உள்ளே இலைகள் போட்டார்கள். மக் தேவகியின் கணவர் முருகேசு, அதிகம் பேசாத மனிதர், சாம்பிராணி காட்டி முன்னோர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். கும்பிட்டு முடிந்ததும் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். அவர் கதவைச் சாத்தினார். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. எங்களையும் பின்கட்டில் இருக்கவிடாமல் தெருவுக்கு அழைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. அந்தத் தெருவிலுள்ள எல்லா வீடுகளும் சாத்தியிருக்க, எல்லா மனிதர்களும் நல்ல துணி உடுத்தி வெளியே நின்றார்கள். குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்தியாயிற்று. அப்படி ஒரு நிசப்தம்.

அக்கா என் சட்டையை இழுத்தாள். மேலே பார்த்தேன்.

மிளகுப் புள்ளிகள். பிடி பிடியாக. வெடிச் சத்தத்துக்குப் பயந்து இடம் தேடி அலைந்த அத்தனையும், ஊரிலேயே சத்தமில்லாத ஒரு தெருவைக் கண்டுபிடித்துவிட்டன!

"அத்தான், லென்ஸ்!" என்று கதவுக்கு ஓடினேன்.

"தாக் போலே! தாக் போலே!" கூடாது, கூடாது என்று கிசுகிசுப்பிலேயே ஒரு கூச்சல். மக் தேவகி இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்துவிட்டார். அப்போதுதான் கஜா பெராங் என்ற பெயருக்குரிய யானையை நேரில் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம் அத்தான், எட்டி எடுத்துக்கறேன்!"

"சாப்பிட்டுக்கிட்டிருக்காரு லா! பாதிச் சாப்பாட்டுல போய்ப் புடுங்குவியா? எத்தனை வருசம் கழிச்சு அவருக்குக் கெடைச்சிருக்கு!"

"எப்ப முடிப்பாரு?"

அத்தான் இதை மொழிபெயர்த்தார். மக் தேவகி என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்ன பதிலைக் கேட்டு, அந்த நிசப்தத்திலும் பாதித் தெரு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. "மாமனார் உயிரோட இருந்தப்பவே நிதானமாத்தான் சாப்பிடுவாராம்" என்றார் அத்தான்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சுழி கூரைக்கு மேல் இறங்கிவிட்டது. கையில் இருந்ததோ கல்யாண வீட்டு லென்ஸ். பாங்கி நாற்காலி ஒரு முறை கண்ணில் வந்தது. வேறு வழியில்லாமல் காமிராவைத் தூக்கினேன்.

கண்ணை வைத்தேன். வியூஃபைண்டருக்குள் எல்லாம் இருந்தது. ஒரு குருவி கடுகுதான். ஆனால் கடுகுகளெல்லாம் சேர்ந்து ஆகாயத்தில் ஒரு பெரிய சுழியைப் போட்டிருந்தன. சுழியின் வால் கம்பிகளில் இறங்கி, மணி கோத்தாற்போல் தெருக்கோடி வரை ஓடியது. கம்பிகளுக்குக் கீழே சாத்திய கதவுகள். கதவுகளுக்கு முன்னால் சாரோங் கட்டிய தெரு முழுக்க, தலையை அண்ணாந்து, வாயைத் திறக்காமல். ஒரு குருவி எவ்வளவு பெரிசு என்று காட்ட டெலி வேண்டும். கூட்டம் எவ்வளவு பெரிசு என்று காட்ட அதற்குப் பக்கத்தில் ஒரு தெருவே வேண்டியிருக்கிறது. இந்தக் குட்டை லென்ஸுக்கு என் கை நடுக்கம்கூடப் பொருட்டில்லை. சுருள் தீரும் வரை எடுத்தேன். கடைசியில் விரல் அழுத்தியும் ஷட்டர் திறக்காதபோதுதான் நிறுத்தினேன்.

வெகுநேரம் கழித்து, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, முருகேசு கதவைத் தட்டினார், மெல்ல இருமினார், திறந்தார். சோற்றுக்கும் காப்பி டம்ளருக்கும் நடுவில், வாழையிலையில், டெலி லென்ஸ் தெருப் பக்கம் பார்த்தபடி படுத்திருந்தது. மக் தேவகி அதைத் தன் கெபாயா நுனியால் துடைத்து என்னிடம் நீட்டினார். அவர் கண் ஈரமாக இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "தெரிமா காசே" என்றார். நன்றி என்று எனக்கே புரிந்தது. நானும் அதையே திருப்பிச் சொன்னேன். பிறகு அந்த இலைச் சாப்பாட்டை எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். சம்பலுக்கு நான் அழவில்லை. மக் தேவகிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கப்பலில் அக்காவுக்குக் குமட்டலே இல்லை. எனக்குத்தான் எல்லா நாளும். மெட்ராஸில் இறங்கி, அவளை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, படங்களைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"இதுக்கா டெலி கொடுத்தனுப்பினேன்?"

"இது வைட் லென்ஸ் சார்."

"தெரியறது. நீயா தீர்மானம் பண்ணினியா?"

"இல்லை சார்."

படத்தை மறுபடி கிட்டே கொண்டுபோனார். "குருவி புரியறது. இத்தனை ஜனம் ஏன் வீட்டைச் சாத்திண்டு தெருவில நிக்கறது?"

சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "எங்கிட்ட சொல்லாதே. படம் அட்டைக்குப் போறது. பார்க்கறவா எல்லாரும் இதைத்தான் கேட்பா. நாளைக்குக் காலம்பற வந்து உக்காந்து எழுது. அந்த ஜன்னலோர மேஜை உனக்கு."

நான் டெலி லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, திருப்பி, சந்தேகத்தோடு மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னய்யா, இதுல சாம்பிராணி வாசனை அடிக்கறது?"

"அதையும் எழுதிடறேன் சார்" என்றேன்.

எழுதிவிட்டேன்.